மூன்று மூட்டை போட்ட பிறகும் மனசு லேசாகவில்லை

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 41 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணி (குமாஸ்தா) வேலை. கணவர் லோரி ஓட்டுகிறார், பிள்ளைகள் இருவர், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டை ஒழித்தால் மனம் தெளியும் என்று ஒரு காணொளி பார்த்துவிட்டு, போன மாதம் மூன்று மூட்டை சாமான்களைத் தூக்கிப் போட்டேன். அதில் மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பழைய கத்தியும் போய்விட்டது, அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு சுத்தமாகிவிட்டது, ஆனால் பத்து நிமிடம் நிம்மதியாக உட்கார முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் நான்தான், ஒரு கூட்டுக்கு (மாதச் சீட்டு) தலையாக இருக்கிறேன், முறுக்கு சுட்டு விற்கிறேன், வாட்ஸ்அப்பில் 23 குழு, கோயில் அன்னதானச் சமையல் வேறு (அங்கே போனால் மட்டும்தான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்). எதைக் குறைப்பது?

பதில்: தங்கச்சி, முதலில் மாமியார் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தக் கத்தி இனி கிடைக்காது, சரி, ஆனால் "கேட்காமல் போட்டது தப்பு அத்தை" என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள். இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்ட கத்தி அது, அவருக்கு அது பழைய சாமான் இல்லை. அடுத்தவர் பொருளை ஒழித்து நமக்கு நிம்மதி வந்து நான் பார்த்ததில்லை.

என் அம்மாவும் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், தன் நிரைக்குள் (மரவரிசைக்குள்) நுழைந்ததும் ஒவ்வொரு மரத்திலும் முதல் வேலையாகப் பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பார், அப்புறம்தான் கத்தியை வைப்பார். அதை உரிக்காமல் வெட்டினால் புதுப்பால் ஒழுங்காக ஓடாது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்த ஒட்டுப்பால்தான் ஞாபகம் வந்தது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், முதல் வேலையின் நினைப்பு கொஞ்சம் மனசில் ஒட்டிக்கொண்டே வருகிறது, அதனால் அடுத்த வேலையும் சரியாக நடப்பதில்லை என்கிறார் அவர். உங்கள் நாளை நினைத்துப் பாருங்கள். ஆலையில் எடைச்சீட்டு எழுதும்போது முறுக்கு மாவு ஞாபகம், முறுக்கு பிழியும்போது சங்கத்தின் கூட்டக் குறிப்பு, படுத்தால் இந்த மாதம் கூட்டுக்குப் பணம் கட்டாதவர் யார் என்ற கணக்கு. மூன்று மூட்டை வெளியே போயும் இதில் ஒன்றுகூடப் போகவில்லையே!

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கை எளிமையானது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. லயத்து வீட்டில் சாமான் குறைவாக இருந்ததற்குக் காரணம் வாங்கக் காசில்லை, அவ்வளவுதான், அம்மா கவலையில்லாமல் தூங்கினார் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவருடைய வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் எடை போட்டுக் கொடுத்துவிட்டால் அன்றைய மரம் அன்றோடு சரி. உங்கள் வேலை எதுவும் அப்படி முடிவதில்லை, கைப்பேசி வழியாகப் படுக்கைவரை வருகிறது.

அதனால் ஒரு தாளை எடுத்து, யார் யாருக்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், பொருள்களை விடுங்கள், ஆட்களை எழுதுங்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதலில் போக வேண்டியது கூட்டு. இந்தச் சுற்று முடிந்ததும் கணக்கை எல்லார் முன்னாலும் ஒப்படைத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை இங்கே மலேசியாவில் 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவர் சீட்டை எடுத்துவிட்டு நழுவினால் தலையாக இருப்பவர்தான் கைக்காசைப் போட வேண்டிவரும், அந்தப் பயம் ஒன்றே போதும் தூக்கத்தைக் கெடுக்க. செயலாளர் பதவியை அடுத்த ஆண்டுக் கூட்டத்தோடு விடுங்கள், ஆனால் இப்போதே சொல்லிவைத்தால்தான் வேறு ஆள் தேடுவார்கள். முறுக்கைத் தீபாவளி ஆர்டரோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், அந்தப் பணம் வீட்டுக்குத் தேவை என்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றைக் குறையுங்கள். பிள்ளைகளின் வகுப்புக் குழு, ஆலைக் குழு இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

கோயில் சமையல்கட்டை மட்டும் விடாதீர்கள். கேட்கிறவர்கள் அதைத்தான் முதலில் விடச் சொல்வார்கள், சம்பளம் இல்லாத வேலை என்று. நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டீர்களே, அங்கேதான் சிரிக்கிறேன் என்று!

சின்ன ஊரில் "முடியாது" என்று சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். கேட்கிறவர் மாமாவாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். நானும் சொல்லத் தெரியாமல் மூன்று சங்கத்தில் பதவி வைத்திருந்த வருஷம், அம்மாவின் கிளினிக் தேதியை மறந்துபோனேன். அவர் சேலை மாற்றிக்கொண்டு மத்தியானம்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரே வாக்கியம் பழகிக்கொண்டேன்: "மாமா, இந்த வருஷம் என்னால் முடியாது, ஒத்துக்கொண்டு பாதியில் விட்டால் உங்களுக்குத்தான் சிரமம்." காரணம் அடுக்காதீர்கள், அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு சொல்வார்கள்.

இன்னொன்று, பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது ஏன் என்று மாமியாரையே கேளுங்கள், ஓய்வில்லாமல் வெட்டிய மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுபோவதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஞாயிறு மத்தியானம் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடங்கினால் இரண்டு வேலையும் முடியும்.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதுகிறான். புத்தகம் ஒரு கையில், கைப்பேசி ஒரு கையில். பிடுங்கினால் சண்டை. என்ன செய்வது? – ஒரு தந்தை, சாலாக்

பதில்: அண்ணே, பிடுங்க வேண்டாம். இரவு எட்டரையிலிருந்து பத்துவரை வீட்டில் எல்லார் கைப்பேசியும் சமையல்கட்டு அலமாரிக்குப் போகட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஒரு நேரத்தில் ஒரே பாடம். நடுவில் எழுந்துபோக வேண்டியிருந்தால், எந்தப் பக்கத்தில் நிறுத்தினான், வந்ததும் என்ன செய்யப் போகிறான் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழச் சொல்லுங்கள். மேலே சொன்ன லெராய் 2018-இல் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து இதைத்தான் சோதித்துப் பார்த்தார், அந்த ஒரு வரி எழுதியவர்களுக்கு அடுத்த வேலையில் மனம் நன்றாக நின்றது. அப்புறம், அந்த ஒன்றரை மணி நேரம் கூடத்தில் தொலைக்காட்சி ஓடினால் அவன் காது அங்கேதான் இருக்கும்.