ராஸ்பெரி பை என்னும் கையளவுக் கணினிக்கு மின்விசிறி இல்லாத உலோகப் பெட்டி போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

போதும். ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புகள் எத்தனை, எடை எவ்வளவு என்பதையெல்லாம் பார்க்குமுன், மூடியின் உலோகம் உள்ளே சூடாகும் செயலிச் சில்லைத் தொடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் ராஸ்பெரி பை 4 வைத்திருக்கிறீர்கள், அதை வீட்டில் இரவும் பகலும் ஓடவிடப் போகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அது சாமி மேடைக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. முதலில் விசிறி வைத்த பெட்டிதான் வாங்கினேன். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து ஓராண்டுக்குள் விசிறியின் இதழ்களில் பிசினாகப் படிந்துவிட, "ராத்திரி முழுக்க முனகுதேப்பா" என்று அம்மா சொல்லத் தொடங்கினார். அதனால்தான் விசிறியே வேண்டாம் என்று முடிவுசெய்து, இணையத்தில் ஓர் அலுமினியப் பெட்டியை வரவழைத்தேன்.

அதைப் பாராட்டியிருந்தவர் 20 பாகை அறையில் சோதித்து, முழுச்சுமையில் 55 என்று எழுதியிருந்தார். எங்கள் கூடத்தில் மதியம் 31 பாகை. அறையின் சூடு கூடினால் சில்லின் சூடும் ஏறத்தாழ அதே அளவு கூடும் என்பதால் 66 வரும் என்று கணக்கிட்டேன். இருபதே நிமிடத்தில் 82 காட்டியது. 80 பாகையைத் தாண்டினால் பை 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், என்னுடையதும் குறைத்துக்கொண்டது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சப்பாத்தி மாவில் பட்டாணியளவு எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சில்லின்மேல் வைத்து, மூடியைத் திருகி மீண்டும் திறந்தேன். (சிரிப்பவர்கள் சிரிக்கலாம், இடைவெளியை அளக்க என்னிடம் வேறு கருவி இல்லை.) நசுங்கிய மாவு மகளின் அடிக்கோலில் 2 மில்லிமீட்டர் இருந்தது. சில்லுக்கும் மூடிக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்த வைக்கும் மென்தகடான தெர்மல் பேட் பெட்டியுடன் வந்திருந்தது; அதன் தடிமனோ 1 மில்லிமீட்டர்தான். மீதி வெறும் காற்று. விற்றவருக்குப் படத்துடன் எழுதியபோது, மற்ற வாடிக்கையாளர்கள் திருப்தியாக இருப்பதாகப் பதில் வந்தது.

சிம் லிம் டவரில் 2 மில்லிமீட்டர் பேட் வாங்கி ஒட்டியதும் 71க்கு இறங்கியது. பிறகு, மூடியிலிருந்தே ஓர் உலோகத் தூண் சில்லுவரை இறங்கிவரும் வேறொரு பெட்டிக்கு மாறினேன். அதே மதிய வெயிலில் 64. காரணம் எளிது: அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 200 வாட்டுக்கு மேல், சாதாரண பேடுகளுக்கு அது ஒற்றை இலக்கம். ஆகவே பேட் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, சில்லைத் தொட்டால்.

சில வெள்ளிக்கு விசிறியே கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள். பை 5ஐ நீண்ட நேரம் முழுச்சுமையில் ஓட்டுவதானால் விசிறி வையுங்கள், நான் மறுக்கவில்லை. பை 4இன் பெட்டி அதற்குப் பொருந்தவும் செய்யாது. உலோகம் வைஃபையையும் மட்டுப்படுத்தும். நான் கம்பிவழி இணைத்திருப்பதால் அது என்னைப் பாதிக்கவில்லை.

பெட்டியைத் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி சுவரோரம் நிறுத்தி வையுங்கள், சூடான காற்று மேலே போகட்டும். படுக்க வைத்திருந்த நாட்களில், தூசி படியக்கூடாதென்று அம்மா அதன்மேல் பூவேலை செய்த துணி ஒன்றைப் போர்த்திவிட்டார். அன்று மாலை மட்டும் 77.