வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஏழு வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். "கேஸ் ஆகிப்போகும்" என்று மாமனார் பயமுறுத்துகிறார். சட்டம் என்ன சொல்கிறது?
— அண்ணா நகர் வாசகி

கேஸ் எதுவும் ஆகாதும்மா. ஆனால் மாமனார் காரணமில்லாமல் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் இன்ன தண்டனை என்று அதில் இல்லை. வீட்டுக்கல்விக்கு அனுமதி என்றும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்களுக்குத் தைரியம் தரவேண்டியது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. நடுவில் நின்ற பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தரவேண்டும். ஆகவே இது ஒருவழிப் பாதை இல்லை. டி.சி.யைக் கையோடு வாங்கி வையுங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தால் ஒளிய வேண்டாம். உட்காரவைத்து, தேதி போட்ட நோட்டுகளைக் காட்டுங்கள்.

ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து டேப்லெட், செயலி, இருபது புத்தகம் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் என்கிறார். தவணையும் உண்டாம். மகன் இரண்டாம் வகுப்பு. வாங்கலாமா?
— திருமங்கலம் வாசகர்

வேண்டாம். தவணை என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

படிப்புக்கு முதுகெலும்பாகத் தமிழ்நாட்டுப் பாடநூல் போதும். எல்லா வகுப்புப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் பாடநூல் கழக விலைக்கே வாங்கலாம். புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். "அரசாங்கப் புத்தகம்தானே" என்று முகம் சுளிப்பவர்கள் 2018-க்குப் பிறகு வந்ததை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அதற்கு மேல் எதை வாங்குவதானாலும் முதலில் ஒரு சோதனை. பையனிடம் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால் பதற வேண்டாம். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். அவனளவில் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் பார்த்த செயலிகள் பலவும் இந்த இடத்தில் சிவப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அவன் இன்னும் பத்துக் கணக்கில் அதே தப்பைச் செய்வான்.

விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சிறிதாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் கையில். "எனக்கு இருபத்தேழு குச்சி கொடு" என்று கேளுங்கள். இரண்டு கட்டைத் தருவான். ஏழு உதிரிக்குத் திணறுவான், உங்கள் முகத்தைப் பார்ப்பான். வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் இதுதான்.

எந்தப் பொருளானாலும் இதையே கேளுங்கள்: பிள்ளை எங்கே தப்புச் செய்கிறான் என்பதை இது எனக்குக் காட்டுமா? காட்டாதென்றால் முப்பது ரூபாய்க்கும் வேண்டாம்.

தமிழில் வாசிக்க நல்ல புத்தகம், செலவில்லாமல்?
— மேலூர் வாசகி

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே தரம் இல்லை. நீங்கள் வாய்விட்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள், உங்கள் நாக்கே இடறினால் தள்ளிவிடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ். கைவேலையோடு அறிவியல் வேண்டுமென்றால் அரவிந்த் குப்தாவின் தளம். பழைய பாட்டில், சைக்கிள் ட்யூப் என்று குப்பையிலிருந்தே சாமான் செய்யச் சொல்லித்தருவார்.

மாதம் ஒருமுறையாவது பஸ் ஏறி, 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாருங்கள். நத்தம் சாலையில் இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் பிள்ளையை விட்டுவிட்டு, எதை எடுக்கிறாள் என்று தள்ளி நின்று கவனியுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள். தடுக்காததை அவளிடம் கொடுங்கள்.

வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிறாள். ஐந்தாம் வகுப்பு வயது.
— திருப்பரங்குன்றம் வாசகர்

இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படியா கேட்பது! கீழடி கூப்பிடு தூரம். 2015-இல் அகழாய்வு தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே 2023 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் சும்மா கூட்டிப் போய்ச் செல்ஃபி எடுத்துத் திரும்பினால் அங்கேயும் கொட்டாவிதான்.

போவதற்கு முந்தின நாள் ஓர் உடைந்த பூந்தொட்டி ஓட்டைக் கொடுங்கள். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆணியால் தன் பெயரைக் கீறட்டும். நேர்கோடுகள் சுலபமாக வரும், வளைவு வழுக்கும். மறுநாள் அங்கே பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரைப் பார்க்கும்போது, அதைக் கீறியவர் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்திருக்கும். பகடைக்காயையும் சுடுமண் வட்டுகளையும் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வரைந்து வந்தால் போதும். "என்ன கற்றுக்கொண்டாய், பத்து வரி எழுது" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மகனுக்குப் பதின்மூன்று. பத்தாவது பரீட்சை எப்படி எழுதுவது?
— உசிலம்பட்டி வாசகர்

இரண்டு வழி. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். ஒரு மொழியாவது அடங்கிய ஐந்து பாடம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம், ஐந்தாண்டு அவகாசம். கணக்கைத் தொடாமலேகூடப் பத்தாவது முடிக்கலாம், ஆபத்தே அதில்தான். பின்னால் டிப்ளமோ, பொறியியல் என்று மனசு மாறினால் மாட்டிக்கொள்வான். கணக்கையும் அறிவியலையும் விடவேண்டாம்.

இன்னொன்று, மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. அதில் தமிழ் கட்டாயம். அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே தனியாகப் பதியவேண்டும், இதைக் கோட்டைவிட்டு ஒரு வருடம் இழந்தவர்கள் உண்டு. அறிவிப்பை அரசுத் தேர்வுகள் இயக்ககத் தளத்தில் நீங்களே பாருங்கள், டுட்டோரியல் காரர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

எந்த வழியென்று இந்த வருடமே முடிவு செய்துவிட்டு, அந்தப் பாடத்திட்டப் புத்தகத்தை மட்டும் வாங்குங்கள். இரண்டையும் படிக்கவைத்தால் பையன் இரண்டிலும் அரைகுறையாக நிற்பான்.

தினமும் எத்தனை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்? நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன்.
— வாடிப்பட்டி வாசகி

எட்டு வயதுக்குள் என்றால் காலையில் இரண்டு மணி நேரம் தாராளம், அதுவும் இரண்டாகப் பிரித்து. நீங்கள் படித்த பத்தாவது இப்போதைக்குப் போதும் தாயி. பிள்ளை ஆறாம் வகுப்புக் கணக்குக்கு வரும்போது, அந்தப் புத்தகத்தை நீங்கள் ஒரு மாதம் முந்திப் படிக்க ஆரம்பியுங்கள்.