பாட்டு, புத்தகம், அன்றாட எரிச்சல் பற்றியெல்லாம் இணையத்தில் கருத்து எழுதுகிறீர்களா? சிறிய ஊரில் இருந்துகொண்டு சொந்தப் பெயரில் எழுத முடிகிறதா?

எழுதுகிறேன், பல வருஷமாக. ஆனால் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்குப் பதில் திரையில் வரும். எனக்குப் பாதிப் பதில் மறுநாள் காலை பசியாறப் போகிற கடையில் வரும், ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்கு முன்னால்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களுக்கு இன்னமும் அதன் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இப்போது தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளில் இருக்கிறார்கள். வீடு மாறியதே தவிர ஆட்கள் அதே ஆட்கள்தான். யார் யாருக்கு மச்சான், யாருடைய காடி (கார்) எது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் என்னதான் பொதுவாக எழுதினாலும் படிக்கிறவர் அதில் ஒரு முகத்தை ஒட்டிவிடுவார்.

மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே மூன்றுக்கும் மூன்று விதமான விளைவு. புத்தகம் பற்றி எழுதினால் ஊரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அதனாலேயே மனம்விட்டு எழுத முடிகிறது. பாட்டைப் பற்றி எழுதினால் சண்டை வரும். எரிச்சலைப் பற்றி எழுதினால் லைக் குவியும், அப்புறம் உறவில் விரிசல் விழும்.

புத்தகத்தில் ஆரம்பிக்கிறேன், எனக்குப் பிடித்தது அது.

இங்கிருந்து ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்க கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் அல்லது மஸ்ஜிட் இந்தியா பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் தபாலில் வரவழைக்க வேண்டும். வாசிக்கிறவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேரிலும் பலர் "அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது கருத்து இல்லை, மொய். எழுதியவர் நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கும் வர வேண்டுமே.

ஆனால் தோட்டத்தில் இருந்தவர் ஒரு தோட்ட நாவலைப் பற்றி வாய் திறந்தால் வேறு யாராலும் சொல்ல முடியாத ஒன்று அதில் இருக்கும். என் பெரியம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர். இப்போது கண் மங்கிவிட்டது, நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒரு நாவலில் கதாநாயகி வெயில் நன்றாக ஏறிய பிறகு உளியை எடுத்துக்கொண்டு வேலைக்காட்டுக்குக் கிளம்புகிறாள். "நிறுத்துடா" என்றார் பெரியம்மா. "வெயில் ஏறுனப்புறம் சீவுனா பால் எங்க ஓடும்? அவ வேற யாரையோ பாக்கப் போறா. எழுதுனவருக்கே தெரியல."

அவர் சொன்னதில் கிண்டல் பாதி, கணக்கு பாதி. விடிவதற்கு முன் குளிர்ச்சியில் மரப்பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், சீவியதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் வெளியேறி அந்த அழுத்தம் குறையும், பாலும் குறையும். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போனதற்குக் காரணம் அதுதான். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் சீவக்கூடாது. பால் சீவிய கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். சீவி முடித்துச் சில மணி நேரம் கழித்து மங்கு மங்காக, அதாவது மரத்தில் மாட்டிய கிண்ணம் ஒவ்வொன்றாக, பால் எடுக்க வேண்டும். மங்கிலும் கோட்டிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டதை ஒட்டுப்பால் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள், பிள்ளையை எங்கே விட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்பதெல்லாம் இதை வைத்துத்தான் அமையும். இதை மாற்றி எழுதினால் அவள் வாழ்க்கையே மாறிவிடும்.

இதை அப்படியே எழுதிப் போட்டேன். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், புனைவில் தகவல் பிழை தேடுவது வாசிப்பே ஆகாது என்று கண்டித்தார். அவருக்கு நான் பதில் எழுதுவதற்குள் கெடாவில் முன்பு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். பாலை எடைபோட்டால் மட்டும் போதாது, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு அளவு பார்ப்போம் என்று விளக்கினார். உடனே பேராக்கிலிருந்து ஓர் அம்மா, "அந்த அளவைப் படிச்சது யாரு? நீங்கதானே? நாங்க எட்டிப் பாத்தா விட்டீங்களா?" என்று கேட்டார். கிராணிக்கும் மரம் சீவியவருக்கும் அந்தக் காலத்தில் நேருக்கு நேர் நடந்திருக்க முடியாத பேச்சு, ஒரு நாவலின் பெயரில் நாட்கணக்கில் நடந்தது. அந்த நாவல் நல்ல நாவலா என்ற கேள்வியை எல்லாரும் மறந்தே போனார்கள். பரவாயில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். 2020 கடைசியில் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தது. எனக்கு அப்போது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்து சேர்ந்த தீர்ப்புகளில் பெரும்பாலானவை நாவலைக் கையால் தொடாதவர்களுடையவை. ஆதரித்தவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், எதிர்த்தவர்களிலும் இருந்தார்கள். முழுதாகப் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. கெட்ட வார்த்தை வருகிறது என்பதற்காகக் கொதிக்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சரி, பாட்டு. இளையராஜாவா ரஹ்மானா என்ற சண்டை உலகம் முழுக்க இருக்கிற மாதிரி இங்கேயும் இருக்கிறது, அதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. உள்ளூர்ப் பாட்டு என்றால்தான் சூடு பிடிக்கும். 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது கம்பெனி பஸ்ஸில் ஒலிக்காத நாள் இல்லை. அதில் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப் செய்திருந்தார்கள். முன் வரிசையில் இருந்த அங்கிள்கள் ராஜா பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள், பின் வரிசையில் எங்களுக்கு அது எங்கள் ஊர்க் குரல். சத்தம் போட்டோம், இறங்கிப் போய்விட்டோம். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை, மறுநாள் அதே அங்கிள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். இப்போது அதே சண்டை எழுத்தில் நடக்கிறது, பழைய பதிவைத் தோண்டி எடுத்து மூன்று வருஷம் கழித்தும் கேட்கிறார்கள்.

உறுமி மேளம் பற்றி எழுதியதுதான் எனக்கு அதிகமாகத் திட்டு வாங்கிக் கொடுத்தது. எனக்கு உறுமி பிடிக்கும், ஆனால் ஒலிபெருக்கி வழியாக வரும் உறுமி பிடிக்காது என்று எழுதினேன். உறுமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், இன்னொரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழுகிற முனகல்தான் அதன் உயிர். தோட்டத்துக் கோயிலில், சுற்றிலும் மரம் மட்டும் இருக்கும்போது, அது எங்கேயோ காட்டுக்குள் யாரோ அழுகிற மாதிரி கேட்கும். அதையே இருபதுக்கு அறுபத்தைந்து அடி வரிசை வீடுகளுக்கு நடுவே பெரிய ஸ்பீக்கரில் விட்டால் முனகல் காணாமல் போய் இடி மட்டும் மிஞ்சுகிறது. இவ்வளவுதான் நான் எழுதியது.

என்னைச் சாமிக்கே எதிரி ஆக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், என்னை ஆதரிக்க வந்தவர்கள் அதைவிட மோசம். உறுமி அடிக்கிறவன் எல்லாம் ரவுடி, குண்டர் கும்பல் என்று ஆரம்பித்தார்கள். அது பாட்டைப் பற்றிய கருத்தே இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைகள் அடிக்கிறார்கள் என்பதைப் பற்றிய கருத்து. அவர்களுடைய ஆதரவு வேண்டாம் என்று அங்கேயே எழுதினேன்.

ஒரு குழுவில் அடிக்கிற பையன் கடையில் என்னைப் பார்த்து நேராகவே கேட்டான்: "அண்ணே, நீங்க எங்களத்தான் சொன்னீங்களா?" உட்காரச் சொன்னேன். தே தாரிக், இழுத்து ஆற்றிய பால் தேநீர், வந்தது. மைக் ஏன் என்று அவன் சொன்ன காரணம் எனக்குத் தெரியாதது. ஊர்வலத்தில் ஒரு குழுவுக்குப் பின்னால் இன்னொரு குழு வரும். பாடுகிறவன் குரல் தன் மேளத்தையும் தாண்ட வேண்டும், பின்னால் வருகிற மேளத்தையும் தாண்ட வேண்டும். மைக் இல்லாமல் பாடினால் மறுநாள் பேச்சு வராது. காவடி எடுக்கிறவருக்குப் பாட்டு காதில் விழாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். இதையும் அடுத்த பதிவில் எழுதினேன். ஸ்பீக்கர் இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை, அவனும் மைக்கை விடவில்லை. பார்த்தால் கை தூக்குகிறான்.

எரிச்சல்கள் விஷயம் வேறு. காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறவர்கள், கோப்பிக்கடையில் சத்தமாக வீடியோ பார்க்கிறவர்கள், இதெல்லாம் எழுதினால் எல்லாரும் சிரிப்பார்கள். தான்தான் அது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கொஞ்சம் உள்ளே போனால்தான் கஷ்டம்.

எங்கள் ஊர்ச் சாலையில் ராத்திரி எல்லாம் செம்பனை லாரி ஓடும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் வேகவைக்க வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும், அதனால் லாரிக்கு அவசரம். வளைவில் பழம் சிதறும், அதில் மோட்டார் சைக்கிள் வழுக்கும். அப்புறம் ஆலைக் கழிவுநீர்க் குட்டைகளின் நாற்றம், காற்று திரும்பினால் சோற்றில் கை வைக்க முடியாது. எந்த ஆலை என்று சொல்லாமல்தான் எழுதினேன். மறுநாள் மளிகைக் கடையில் ஒரு மாமா என் தோளில் கை வைத்து, "எங்க வீட்டு அரிசி அங்கேருந்துதான் வருது தம்பி" என்றார். "நாத்தம் உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒன்னுதானே மாமா" என்றேன். "எங்களுக்கு மூக்கு பழகிருச்சு" என்றார். பதிவை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் அவருடைய பேத்தி காதுகுத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

அதனால் எரிச்சலை எழுதும்போது சாலை, நேரம், என்ன நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காடி நம்பரைப் படம் எடுத்துப் போடுவதில்லை. இங்கே நம்பரைப் போடுவதும் ஆளின் படத்தைப் போடுவதும் ஒன்றுதான். உண்மையிலேயே ஏதாவது சரியாக வேண்டுமென்றால் தேதி, நேரம், படத்தோடு நகராண்மைக்குப் புகார் தனியாகப் போகும். இணையத்தில் எழுதுவது என் கோபத்துக்கு மட்டும்தான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 233ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிறருக்குத் தொல்லை தரும், மிரட்டும் நோக்கத்தோடு மிகவும் புண்படுத்தும் விதமாக இணையத்தில் எழுதுவதை அது குற்றமாக்குகிறது. 2025இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 லட்சம் வெள்ளியாகவும், சிறை ஒரு வருஷத்திலிருந்து இரண்டு வருஷமாகவும் ஏறியது. இந்த நாட்டில் கோபம் வந்தால் அடுத்த வேலை போலீஸ் ரிப்போர்ட் செய்வதுதான், அது பாட்டுச் சண்டையாக இருந்தாலும் சரி. உறுமிப் பதிவுக்குக் கீழேயே ஒருவர் ரிப்போர்ட் செய்யப் போவதாக மிரட்டினார். செய்ததாகத் தெரியவில்லை.

சொந்தப் பெயரில் எழுத முடிகிறதா என்று கேட்டீர்கள். முடிகிறது. புனைபெயர் இங்கே பெரிதாக உதவாது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் பத்திரிகை காலத்தில் வாசகர் கடிதத்தைப் புனைபெயரில் எழுதினால், நடுவில் ஆசிரியர் ஒருவர் இருந்தார், அவரோடு ரகசியம் நிற்கும். இப்போது நான் வேறு பெயரில் ஒரு பதிவு போட்டுப் பார்த்தேன், சாலைப் பள்ளத்தைப் பற்றி. அன்று மாலையே பெரியம்மா மகள் போன் செய்து, "அந்தப் பள்ளத்துல விழுந்தது உன் மோட்டார்தானே?" என்று கேட்டாள்.