கசினோ காசு தரவில்லை: மென்பொருள் நிறுவனத்திடம் கேட்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் தம்பி ஒன்லைன் கசினோ ஒன்றில் 6,200 டொலர் வென்றான். மூன்று மாதமாகியும் காசு வரவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் கிரிப்ரோலொஜிக் என்ற கனேடிய மென்பொருள் நிறுவனத்தின் பெயர் போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தோம். 1995 இல் தொடங்கியது, பங்குச்சந்தையில் இருந்தது என்றெல்லாம் வருகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர், அந்த நிறுவனத்துக்குள் தனக்கு ஆள் இருக்கிறது, 10 வீதம் முன்பணம் தந்தால் எடுத்துத் தரலாம் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் சகோதரி. ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள்.

கசினோ மென்பொருளைப் பரிசோதிக்கும் வேலையில் நான் பல வருடம் இருந்தவன். அந்தப் பெயரின் கதையைக் கேட்டால், ஏன் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கிரிப்ரோலொஜிக் நம்முடைய ரொறன்ரோவில் பிறந்ததுதான். அன்ட்ரூ ரிவ்கின், மார்க் ரிவ்கின் என்ற அண்ணன் தம்பி இருவர், 1995 இல், பெற்றோர் வீட்டு பேஸ்மென்ரில் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் கையில் எடுத்தது சூதாட்டத்தை அல்ல. இணையத்தில் காசை யாரும் களவெடுக்காதபடி மறைகுறியாக்கி அனுப்பும் வழியைத்தான். பெயரிலேயே அது இருக்கிறது, 'கிரிப்ரோ' என்றால் மறைக்கப்பட்டது. ஆனால் 1995 இல் அதை யார் வாங்குவார்கள்? இணையத்தில் காசு கைமாற வேண்டும் என்று அந்த நேரத்தில் அவசரப்பட்ட தொழில் கசினோதான். அடுத்த வருடமே அவர்களின் மென்பொருளில் இன்ரர்கசினோ ஓடத் தொடங்கியது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கனடாவின் குற்றவியல் சட்டப்படி இங்கே சூதாட்டம் நடத்தும் உரிமை மாகாண அரசுகளுக்குத்தான். அதனால் மென்பொருளை ரொறன்ரோவில் எழுதினார்கள். கசினோவோ கரீபியன் தீவான அன்ரிகுவாவின் உரிமத்தில் நடந்தது. நடத்தியவர்களும் வேறு ஆட்கள். வன்கூவரில் இதே தொழிலில் இருந்த ஸ்டார்நெற் நிறுவனத்துக்குள் 1999 ஓகஸ்ட்டில் பொலிஸ் புகுந்தது. 2001 இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் சூதாட்டக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எழுதுகிறவர் வேறு, மேசை போடுகிறவர் வேறு என்பது முதல் நாளிலிருந்தே இந்தத் தொழிலின் அடித்தளம். சட்டத்துக்குத் தப்புவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். இன்று உங்கள் தம்பி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பதும் அதனால்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? ரொறன்ரோ, நாஸ்டாக், லண்டன் என மூன்று சந்தைகளில் பங்கு விற்றார்கள். 2006 ஒக்ரோபரில் அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்து, ஒன்லைன் சூதாட்டத்துக்குக் காசு போகும் வழியை அடைத்தது. தொழில் ஆட்டம் கண்டது. 2007 இல் தலைமையகத்தை அயர்லாந்துக்கு மாற்றினார்கள். 2012 இல் மொன்றியலைச் சேர்ந்த அமயா என்ற சூதாட்ட நிறுவனம் அதை வாங்கிவிட்டது. சொந்தக் காலில் நிற்கிற கிரிப்ரோலொஜிக் என்று அதற்குப் பிறகு ஒன்று இல்லை. சரி, உங்களுக்குத் தெரிந்தவரின் "ஆள்" எந்த நிறுவனத்துக்குள் இருக்கிறார்?

பக்கத்தின் அடியில் ஒரு சின்னத்தைப் போடுவதற்கு யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. படத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் போதும். எப்போதோ மூடிவிட்ட பரிசோதனைக் கூடத்தின் முத்திரையைப் போட்டிருந்த தளத்தை நானே பார்த்திருக்கிறேன். அழுத்தினால் எங்கும் போகாது, வெறும் படம்.

மென்பொருள் உண்மையானதாகவே இருந்தாலும் உங்கள் காசு அவர்களிடம் இருக்காது. தம்பி பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் நிறுவனத்தின் சேர்வரில் ஓர் எண் விழும். சுற்று இலக்கம் இது, பந்தயம் இவ்வளவு, வெற்றி இவ்வளவு என்று அது கசினோவின் சேர்வருக்குச் சொல்லும். கணக்கில் காசைக் கூட்டுவதும் கழிப்பதும் வங்கிக்கு அனுப்புவதும் கசினோவின் வேலை. மென்பொருள் பக்கத்தில் உங்கள் தம்பிக்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது, ஓர் இலக்கம்தான் இருக்கும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதைத்தான் இடைத்தரகர்கள் திரித்துச் சொல்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பல கசினோக்களை இணைத்து வளர்கிற ஜாக்பொட் என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கசினோவில் யார் விளையாடினாலும் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் ஒரு சிறு துளி பொது உண்டியலுக்குப் போகும். அந்த உண்டியலை வைத்திருப்பது கசினோ அல்ல, மென்பொருள் நிறுவனம். 2015 இல் பிரித்தானியச் சிப்பாய் ஒருவர் மைக்ரோகேமிங் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மெகா மூலா விளையாட்டில் 25 பென்ஸ் பந்தயத்துக்கு 1 கோடியே 32 இலட்சம் பவுண்ட் வென்றாரே, அது இப்படிப்பட்ட உண்டியல் காசு. அந்தச் சமயத்தில் மென்பொருள் நிறுவனமே சுற்றுப் பதிவைச் சரிபார்த்துக் காசை விடுவிக்கும். அப்போதும் அது கசினோ வழியாகத்தான் ஆளின் கைக்கு வரும். நடுவில் ஒருவர் முன்பணம் வாங்க இடமே இல்லை. உங்கள் தம்பியின் 6,200 டொலர் சாதாரண வெற்றி. இந்த விலக்குக்குள் வராது.

2001 இல் நடந்ததையும் சிலர் உதாரணம் காட்டுவார்கள். கிரிப்ரோலொஜிக்கின் சேர்வர் ஒன்றுக்குள் யாரோ ஊடுருவினார்கள். தாயக்கட்டையை எப்படி உருட்டினாலும் இரண்டிலும் ஒரே எண். ஸ்லொற்றைச் சுழற்றினால் ஒவ்வொரு முறையும் எல்லாப் படமும் பொருந்துகிறது. சில மணி நேரத்தில் 140 பேர் 19 இலட்சம் அமெரிக்க டொலர் வென்றார்கள். அந்தக் காசு அவர்களிடமே விடப்பட்டது. ஆனால் அது நிறுவனத்தின் சொந்தச் சேர்வரில் நேர்ந்த பிழை. கசினோ காசை அமுக்கி வைத்திருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த முன்பணக்காரர்களைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் எனக்குப் போதாது. முதலில் 10 வீதம் கேட்பார்கள். பிறகு "சரிபார்ப்புக் கட்டணம்" வரும். அதன் பிறகு "வரி கட்டினால்தான் விடுவிப்பார்கள்" என்பார்கள். பொழுதுபோக்காக விளையாடி வென்ற காசுக்குக் கனடாவில் வருமான வரியே கிடையாது. வரி என்ற சொல் வந்தாலே பேச்சை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்க்காரர், கோயிலில் பார்த்தவர் என்று தயங்க வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் அனுமதி பெற்ற தனியார் தளங்கள் இயங்குகின்றன. இந்தச் சந்தையை நடத்தும் மாகாண அமைப்பான ஐகேமிங் ஒன்ராறியோவின் இணையதளத்தில் அவற்றின் பட்டியல் இருக்கிறது. தம்பி விளையாடிய முகவரியை எழுத்துக்கு எழுத்து அதில் ஒப்பிடுங்கள். இருந்தால், முதலில் தளத்திடம் எழுத்தில் முறையிடுங்கள், பிறகு ஐகேமிங் ஒன்ராறியோவிடம் போங்கள். விதிகளை வகுப்பது மாகாண மதுபான, சூதாட்ட ஆணையம், சந்தையை நடத்துவது ஐகேமிங் ஒன்ராறியோ. சாதாரண மனிதர் எந்தக் கதவைத் தட்டுவது? இத்தனை வருடமாகியும் இதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதிப் போட யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குக் கோபம்தான்.

பட்டியலில் இல்லையென்றால், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், வென்ற 6,200 டொலரை மறந்துவிட வேண்டி வரலாம். தம்பி போட்ட காசையாவது மீட்கப் பாருங்கள். கடனட்டையில் போட்டிருந்தால் இன்றே வங்கியை அழைத்து அந்தக் கொடுப்பனவை மறுத்துப் பதியச் சொல்லுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, மூன்று மாதம் ஏற்கனவே போய்விட்டது. தனி ஆள் ஒருவரின் மின்னஞ்சலுக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் செய்திருந்தால், உரிமம் உள்ள கசினோ அப்படி வாங்காது என்பதைப் புரிந்துகொண்டு, வங்கிக்கும் கனேடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அறிவியுங்கள்.

காசு எடுக்கும் பக்கத்தில் "நிலுவையில்" என்ற சொல்லுக்கு அருகே "ரத்துச் செய்து விளையாடு" என்று ஒரு பொத்தான் இருக்கும். தம்பி அதைத் தொடக் கூடாது. அந்தப் பக்கத்தையும், விளையாட்டு வரலாற்றில் உள்ள சுற்று இலக்கங்களையும் படம் பிடித்து வையுங்கள். தெரிந்தவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்க வேண்டாம். காசை எந்த முகவரிக்கு அனுப்பச் சொன்னார் என்பது அதில் இருக்கிறது. முறைப்பாட்டோடு அதையும் கொடுங்கள்.