ஐ-யா, மீ-யா? ஆங்கில ப்ரோனவுன்கள்: கேள்வி பதில்

கேள்வி: பெயருக்குப் பதிலாக வரும் சொல்லான ப்ரோனவுனில் மொத்தம் எத்தனை வகை? ஒரு புத்தகத்தில் எட்டு, இன்னொன்றில் பத்து. எதை மனப்பாடம் செய்வது?

பதில்: எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ‘மைசெல்ஃப்’ போன்றவற்றைச் சிலர் ஒரே வகையாக வைப்பார்கள், சிலர் அழுத்தத்துக்கு வருவதைத் தனியே பிரித்து இரண்டாக எண்ணுவார்கள். கணக்கு மாறுவது இப்படித்தான். மனப்பாடம் செய்ய வேண்டியது ஆளுக்கு ஆள் உருவம் மாறும் வரிசையை: ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப். ஹீ, ஹிம், ஹிஸ், ஹிஸ், ஹிம்செல்ஃப். ஷீ, ஹெர், ஹெர், ஹெர்ஸ், ஹெர்செல்ஃப். தே, தெம், தெயர், தெயர்ஸ், தெம்செல்வ்ஸ். வரிசையில் முதலாவது எழுவாய், இரண்டாவது செயப்படுபொருள், மூன்றாவது பெயருக்கு முன்னால் நிற்கும் உடைமை, நான்காவது தனித்து நிற்கும் உடைமை. திஸ், தட், ஹூ, விச், எவ்ரிஒன் எல்லாம் பயன்பாட்டில் பழகிக்கொள்ளக்கூடியவை.

கேள்வி: ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களே சொல்கிறார்களே, சரியா சார்?

பதில்: தவறு. ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதே சரி. ‘மீ அண்ட் மை பிரதர் வென்ட்’ என்று சொல்லித் திட்டு வாங்கியவர்கள், எங்கே ‘அண்ட்’ வந்தாலும் ‘ஐ’ போட்டுவிடுகிறார்கள். சோதனை எளிது: உடன் வருபவரை நீக்கிப் படியுங்கள். ‘ஹீ கால்ட் மை பிரதர் அண்ட் ஐ’ என்பதில் தம்பியை எடுத்தால் ‘ஹீ கால்ட் ஐ’ என்று நிற்கும், காதே வேண்டாம் என்கிறது. ஆகவே ‘மை பிரதர் அண்ட் மீ’. ஃபார், வித், டு, ஃப்ரம், பிட்வீன் இவற்றுக்குப் பின் எப்போதும் இரண்டாம் உருவமே. பிறரை முதலில் சொல்லித் தன்னைக் கடைசியில் வைப்பது மரியாதைக்கு, இலக்கணத்துக்கு அல்ல.

‘என்னைவிட உயரம்’ என்பதற்கு ‘டாலர் தேன் மீ’ என்பது பேச்சில் இயல்பு. தேர்வுத்தாளில் வம்பு வேண்டாம் என்றால் ‘தேன் ஐ ஆம்’ என்று வினையோடு முடித்துவிடுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ‘மைசெல்ஃப் குமார்’ என்று ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். ‘ஐ ஆம் குமார்’ போதும். செல்ஃப் உருவத்துக்கு இரண்டே வேலை. செய்பவரும் அந்தச் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவராக இருந்தால் ‘ஷீ கட் ஹெர்செல்ஃப்’. அழுத்தம் வேண்டுமானால் ‘தி மினிஸ்டர் ஹிம்செல்ஃப் கேம்’, அதாவது அமைச்சரே வந்தார். ‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்ற அலுவலகக் கடித நடையில் இரண்டு வேலையும் இல்லை, ‘மீ’ போடுங்கள். ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தெயர்செல்வ்ஸ்’ என்ற சொற்கள் பொது ஆங்கிலத்தில் கிடையாது. இன்னொன்று: ‘ஐ என்ஜாய்ட்’ என்று மொட்டையாக நிறுத்தக்கூடாது, ‘என்ஜாய்ட் மைசெல்ஃப்’ அல்லது ‘என்ஜாய்ட் இட்’ என்று முடிக்க வேண்டும்.

கேள்வி: ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அங்கே நான்காம் உருவம் வர வேண்டும்: ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’, ‘எ புக் ஆஃப் ஹெர்ஸ்’. ஹெர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் எதிலும் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேலே இடும் (’) குறி, கிடையாது. உடைமையைக் காட்டும் ‘இட்ஸ்’ என்பதிலும் கிடையாது. அப்பாஸ்ட்ரஃபி போட்ட ‘இட்ஸ்’ என்பது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்பதன் சுருக்கம். விரித்துப் படித்துப் பாருங்கள், பொருள் தந்தால் குறியை இடுங்கள்.

கேள்வி: என் மகள் ‘டு யூ லைக் திஸ் புக்?’ என்றால் ‘யெஸ், ஐ லைக்’ என்கிறாள். புரிகிறதே, அதில் என்ன தப்பு?

பதில்: தமிழ் பழக்கம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்று வினைமுற்று சொல்லிவிடும், ‘பிடிக்கும்’ என்றாலே எது என்பது பேச்சிலிருந்து விளங்கும். ஆங்கில வினையில் அந்த விகுதிகள் இல்லை, ஆகையால் எழுவாயையும் பொருளையும் வெளியே சொல்லியாக வேண்டும்: ‘யெஸ், ஐ லைக் இட்’ அல்லது வெறும் ‘யெஸ், ஐ டூ’. சொல்ல ஆளே இல்லாத இடத்திலும் இடம் காலியாக இருக்கக்கூடாது. ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்’ என்பவற்றில் வரும் ‘இட்’ எதையும் சுட்டவில்லை, எழுவாய் இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ‘தி புக் விச் ஐ பாட் இட்’ சரியா? விச், தட், ஹூ, ஹூம் எல்லாம் குழப்பம்.

பதில்: ‘இட்’ தேவையில்லை. ‘விச்’ என்பதே அந்தப் புத்தகம்தான், ஒரே பொருளை இருமுறை சொல்லிவிட்டீர்கள். ‘தி புக் விச் ஐ பாட்’ போதும். இணைப்புச் சொல் செயப்படுபொருளாக இருக்கும்போது அதையும் விடலாம்: ‘தி புக் ஐ பாட்’. நாம் ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதைப் போலவே சுருங்கிவிடும். எழுவாயாக இருந்தால் விடக்கூடாது: ‘தி மேன் ஹூ கேம்’.

ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். காற்புள்ளிக்குப் பின் வரும் கூடுதல் தகவலுக்கு ‘தட்’ வராது. ஹூமா ஹூவா என்ற சந்தேகத்துக்கு அந்த இடத்தில் ‘ஹிம்’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ஹூம்’, ‘ஹீ’ பொருந்தினால் ‘ஹூ’. பேச்சில் ஹூம் அரிது, ஆனால் ‘டு ஹூம்’, ‘வித் ஹூம்’ என முன்னால் சொல் நிற்கும்போது மாற்றாதீர்கள். ‘எவ்ரிதிங் வாட் ஹீ செட்’ தவறு, ‘எவ்ரிதிங் தட் ஹீ செட்’.

கேள்வி: ‘எவ்ரிஒன்’ பலரைக் குறிக்கிறது. பிறகு ஏன் ‘ஹாஸ்’? அதோடு ‘தெயர்’ வேறு!

பதில்: எவ்ரிஒன், எனிஒன், நோபடி, ஈச் எல்லாம் ஒருமை வினை எடுக்கும்: ‘எவ்ரிஒன் ஹாஸ் அரைவ்ட்’. ‘போத்’ பன்மை. ‘நன் ஆஃப் தெம்’ இரண்டையும் ஏற்கும். ‘எவ்ரிஒன் ப்ராட் தெயர் பேக்’ என்பது ஆணா பெண்ணா என்று சொல்லாமல் பேசும் வழி, நம் ‘அவர்’ மாதிரி. இது இன்றைய நாகரிகம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருமைக்குத் ‘தே’ வருவது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 2019-இல் வந்த, அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) நடைக் கையேட்டின் 7-ஆம் பதிப்பும் இதை ஏற்றுக்கொண்டது. ஒருவரைக் குறித்தாலும் வினை ‘தே ஆர்’ தான், ‘தே இஸ்’ அல்ல.

கேள்வி: நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘வீ’ தானா?

பதில்: ஆம். கேட்பவர் சேர்ந்தாரா இல்லையா என்பது முக்கியமென்றால் ‘யூ அண்ட் ஐ’ என்றோ ‘மை டீம் அண்ட் ஐ’ என்றோ விரித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘சுரேஷ் டோல்ட் ரமேஷ் தட் ஹீ ஹாட் பாஸ்ட்.’ பாஸானது யார்?

பதில்: வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் ‘தான் தேர்ச்சி பெற்றுவிட்டதாக’ என்றால் சுரேஷ் என்று முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இங்கே அந்தத் ‘தான்’ இல்லை, ‘ஹிம்செல்ஃப்’ போட்டாலும் தீராது. வழி இரண்டு. நேர்கூற்றாக்கி ‘ஐ ஹாவ் பாஸ்ட்’ என்று சுரேஷ் வாயில் வையுங்கள், அல்லது கூச்சப்படாமல் பெயரை மறுபடி எழுதுங்கள். ஒப்பந்தம், புகார், செய்தி எழுதுகிறவர்கள் ஹீ, இட், திஸ் வரும் இடமெல்லாம் நிறுத்தி, அது சுட்டும் பெயர் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வாக்கியத்தைத் ‘திஸ்’ என்று தொடங்கினால் உடன் ஒரு பெயரும் சேருங்கள்: ‘திஸ் டிலே’, ‘திஸ் ரூல்’.

கேள்வி: ஈச் அதர் இருவருக்கு, ஒன் அனதர் பலருக்கு. சரிதானே?

பதில்: பள்ளிப் புத்தக விதி. புழக்கத்தில் யாரும் அப்படிப் பிரிப்பதில்லை. தேர்வில் மட்டும் பிரித்து எழுதுங்கள்.