நாய்க்குப் பூச்சி மாத்திரை: கேள்வி பதில்

கேள்வி: போன மாதம்தான் மாத்திரை கொடுத்தேன் டாக்டர். இப்போது மலத்தில் அரிசி மாதிரி ஏதோ நெளிகிறது. போலி மாத்திரையா?

பதில்: மாத்திரை மேல் பழி போடாதீர்கள். அது அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் தீர்க்கும். மாதக்கணக்கில் காவல் நிற்காது. நீங்கள் பார்த்தது நாடாப்புழுவின் துண்டாக இருக்கும். காய்ந்த துண்டு வாலடி மயிரிலும் ஒட்டியிருக்கும், பாருங்கள். இது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியால் வருவது. அரிப்பெடுத்து உடம்பைக் கடிக்கும்போது நாய் தெள்ளை விழுங்கிவிடுகிறது. புழுவின் இளம்பருவம் அதற்குள் இருக்கிறது. பிராசிகுவான்டல் கலந்த மாத்திரை கொடுங்கள். கூடவே தெள்ளுக்கும் மருந்து போட்டு, படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

கேள்வி: குட்டிக்கு 20 நாள்தான். இப்போதே கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. 2 வாரத்திலேயே தொடங்கியிருக்கலாம். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப்புழு பால் வழியாக வரும். வெளியே காலே வைக்காத குட்டிக்கும் வயிறு உப்புவது இதனால்தான். பால் மறக்கும் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. இந்த வயதில் பைரன்டெல் சிரப் போதும். சமையலறைத் தராசில் எடை பார்த்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்க்கும் அன்றே கொடுங்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்து ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது, உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அட்டையில் 10 கிலோவுக்கு ஒன்று என்று இருக்கிறது. எங்கள் லாப்ரடார் 25 கிலோ.

பதில்: இரண்டரை. ஈரல் துண்டுக்குள் வைத்துக் கொடுங்கள், விழுங்கும் வரை நகராதீர்கள். கறியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சோபாவுக்கு அடியில் துப்புகிற ஆசாமிகள் இவர்கள்.

கேள்வி: பாகற்காய்ச் சாறு?

பதில்: பொரியல் செய்து நீங்கள் சாப்பிடுங்கள்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் பூச்சி மருந்து மீதியிருக்கிறது. எங்கள் கோலி இனக் கலப்பு நாய்க்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. கோலி வம்சத்தில் பல நாய்களுக்கு மரபணுக் குறையால் இந்த மருந்து மூளைக்குள் நுழைந்துவிடும். மாட்டுக்கான அளவு அவற்றுக்கு வலிப்பு வரை கொண்டுபோகும், உயிரும் போகலாம்.

கேள்வி: கௌகாத்திக்கு மாற்றலாகிப் போகிறோம். அங்கே இதயப்புழு உண்டாமே?

பதில்: உண்டு, கொசு பரப்புகிறது. மாதாமாதம் கொடுக்கிற மாத்திரை, போன மாதம் உடம்பில் ஏறிய இளம்புழுவைக் கொல்லும். அதனால் தேதி தள்ளக் கூடாது. வழக்கமான குடற்புழு மாத்திரை இதற்கு உதவாது. நாய்க்கு 7 மாதம் தாண்டியிருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஏற்கெனவே புழு இருக்கும்போது மாத்திரை கொடுத்தால் ஒவ்வாமை அதிர்ச்சி வரக்கூடும்.