கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது! – வாசகர் கேள்வி பதில்

கே: பொருள் வாங்கும்போது ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நம்பலாமா?

ப: நான் மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான் படிப்பேன். ஐந்து கொடுத்தவர் பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் எழுதுகிறார். ஒன்று கொடுத்தவருக்கு டெலிவரி பையன் மேல் கோபம். மூன்று கொடுத்தவர்தான் பொருளைப் பயன்படுத்திப் பார்த்தவர்.

கே: சீக்கிரம் கெட்டுப்போகும்படி கம்பெனிகளே திட்டம் போட்டுத் தயாரிக்கின்றன என்கிறார்களே, வதந்திதானே?

ப: பல்பு விஷயத்தில் வதந்தி இல்லை. 1924-இல் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய தயாரிப்பாளர்கள் ஜெனீவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். குண்டு பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று முடிவு செய்தார்கள். அதைத் தாண்டி எரிந்தால் தயாரித்த கம்பெனிக்கு அபராதம். மோசமாகச் செய்ததற்கு மட்டுமல்ல, நன்றாகச் செய்ததற்கும்!

அவர்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு. இழை நெடுநாள் தாங்க வேண்டுமானால் சூடு குறைவாக எரிய வேண்டும்; வெளிச்சம் மங்கும், மின்சாரம் வீணாகும். சரியான வாதம்தான். அப்படியானால் அதைப் பெட்டியிலேயே அச்சடித்து, வாங்குகிறவனைத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாமே. ரகசியக் கூட்டம் எதற்கு?

கே: பழைய போன் மெதுவாகிவிடுவது என் பிரமையா?

ப: எப்போதும் பிரமை அல்ல. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கத்தான் என்றார்கள். நம்புகிறேன். ஆனால் பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் புது போன் வாங்கியவர்கள்? வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டதற்காக 2020-இல் பிரான்ஸ் விதித்த அபராதம் 2.5 கோடி யூரோ.

கே: எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் “கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது” என்று கையை விரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ப: “காட்டுவது சரியா என்று யார் பார்த்தது?” என்று கேளுங்கள். கேட்டு உதைபட்டவர்களும் உண்டு.

பிரிட்டனில் கிளை அஞ்சலகங்களுக்கு 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் வந்தது. புஜித்சு தயாரிப்பு. கிளைக் கணக்கில் இல்லாத பணப் பற்றாக்குறையை அது காட்டியது. கிளையை நடத்தியவர்கள் சேமிப்பைக் கொட்டி, கடன் வாங்கி அடைத்துப் பார்த்தார்கள். உதவி எண்ணில் அழைத்தால், “உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை” என்று பதில். பலருக்கும் இதே பதில்! திருட்டு, பொய்க் கணக்கு என்று 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததென்று உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

எனக்கு ஆத்திரம் பிழை மேல் அல்ல. பிழை இல்லாத மென்பொருளை நான் பார்த்ததில்லை. ஆத்திரம் சட்டத்தின் மேல். முன்பு இங்கிலாந்தில் ஒரு விதி இருந்தது: கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால், அது ஒழுங்காக இயங்கியது என்று கொண்டுவந்தவர்தான் காட்ட வேண்டும். 1999-இல் வந்த ஒரு சட்டம் அந்த விதியை எடுத்துவிட்டது. இயந்திரம் சரி என்பதே அனுமானம். தப்பென்றால் குற்றம் சாட்டப்பட்டவர் காட்டட்டும். மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லாத, கிளை அஞ்சலகம் நடத்தும் மனுஷி எதைக் காட்டுவாள்?

நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சோதித்தவரின் எண் எழுதிய துண்டுச் சீட்டு போகும். புகார் வந்தால் அந்த எண்காரர் மேலாளர் முன் போய் நிற்க வேண்டும். மென்பொருள் அப்டேட்டில் அந்தச் சீட்டு எங்கே?

கே: நீங்கள் போன் வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ப: கேமராவை அல்ல. உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், அப்டேட் எத்தனை வருடம் வரும், இந்த இரண்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் இதற்கு விதி இருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கிய பாகங்கள் 7 வருடம், அப்டேட் 5 வருடம். அங்கே விற்கிற அதே மாடலை இங்கே வாங்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.